‘அணைத்துவிடாதீர்கள்’: மின்வெட்டுக் காலத்து அப்டேட் வரலாறு

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். கம்ப்யூட்டர்ல அப்டேட் வந்திருக்குன்னு பெட்டி திறந்தா, படிக்காமலே ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ பட்டனை அழுத்துறவங்க எத்தனை பேர்? கை தூக்குங்க. எனக்குத் தெரியாதுதான், ஆனா நானும் இங்க மைக் முன்னாடி கை தூக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்.

இதை நம்ம சோம்பேறித்தனம்னுதான் பொதுவா சொல்றாங்க. ஐ.டி. கம்பெனியில நடக்கிற பாதுகாப்புப் பயிற்சியிலயும் அதைத்தான் சொல்லுவாங்க: பயனருக்கு விழிப்புணர்வு இல்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஆனா எங்க ஊரை நினைச்சுப் பார்த்தா அது சரியா வரலை. எங்க ஊர் சங்கரன்கோவில். இப்போ தென்காசி மாவட்டம். 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம். கோயில், விசைத்தறி, பூ மார்க்கெட், பிரியாணி, இந்த நாலும்தான் வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச சங்கரன்கோவில். அங்க எங்க அப்பா ஒரு டி.டி.பி. கடை வெச்சிருந்தார். கல்யாணப் பத்திரிகை, மனு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், எல்லாம் அங்கதான் அடிப்பாங்க. அந்தக் கடையில அப்டேட்டுங்கிற வார்த்தைக்கு எப்படிப் பயம் வந்துச்சு, அந்தப் பயம் எந்த அளவுக்கு நியாயம், எந்த இடத்துல ஆபத்தாச்சு, இதுதான் இன்னைக்கு எபிசோட்.

2012, ஐப்பசி

2012-ல தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் படிச்ச யார்கிட்ட கேட்டாலும் முதல்ல மின்வெட்டைத்தான் சொல்லுவாங்க. தேவைக்கும் கிடைக்கிற மின்சாரத்துக்கும் நடுவுல சுமார் 4,000 மெகாவாட் பள்ளம். சென்னைக்குக் கொஞ்ச நேரம்தான் கட். வெளி மாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல போச்சு. ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அந்த வருஷம் மார்ச் 18-ல சங்கரன்கோவில் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்துச்சு. மேடைக்கு மேடை மின்வெட்டுதான் பேச்சு. தேர்தல் முடிஞ்ச மறுநாளே, மார்ச் 19-ல, கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு மாநில அமைச்சரவை பச்சைக்கொடி காட்டுச்சு. அதோட முதல் உலை மின்தொகுப்போட இணைஞ்சது 2013 அக்டோபர்லதான்.

எங்க பக்கத்து வேடிக்கை என்னன்னா, சுத்திலும் காற்றாலை. அப்போ தமிழ்நாட்டுல காற்றாலைகளோட மொத்தத் திறன் 7,000 மெகாவாட்டை நெருங்கி இருந்துச்சு. ஆனா அது தென்மேற்குப் பருவக்காற்றை நம்பின மின்சாரம். ஆடியில இறக்கை சுத்தும், கரண்ட் ஓரளவு இருக்கும். புரட்டாசி கழிஞ்சு காத்து நின்னா, கரண்டும் நின்னுடும். ஐப்பசியிலதான் கடைக்கு வேலை அதிகம், அப்போதான் கட்டும் அதிகம்.

அந்த ஐப்பசியில நான் ப்ளஸ் டூ. சாயங்காலம் கடையில உட்காருவேன். ஒரு நாள் ராத்திரி அப்பா சாப்பிடப் போயிருந்தார். மெயின் கம்ப்யூட்டர்ல அப்டேட் பெட்டி வந்துச்சு. மூணு மாசமா வந்துட்டே இருந்த பெட்டி. கம்ப்யூட்டர் புக்ல படிச்ச திமிரு எனக்கு, ‘சரி’ன்னு அழுத்திட்டேன். திரை நீலமாச்சு. சதவீதம் ஏறுது. கீழே ‘கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள்’னு ஆங்கிலத்துல ஒரு வரி. முப்பது சதவீதத்துல கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் அன்னைக்கு ஏற்கனவே நாலு தடவை உழைச்சுக் களைச்சிருந்துச்சு. பத்து நிமிஷத்துல அதுவும் பீப் அடிச்சு உட்கார்ந்துடுச்சு.

நான் அணைக்கலை. ஆனா அணைஞ்சிடுச்சு.

மறுநாள் காலையில அது பூட் ஆகலை. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் வந்தார். ‘ஃபார்மட் அடிச்சா சரியாயிடும், உங்க ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?’ன்னு கேட்டார். அப்பா தலையாட்டினார். உண்மையில அப்பாவோட முக்கால்வாசி வேலை டெஸ்க்டாப்ல இருந்துச்சு. டெஸ்க்டாப் இருக்கிறது சி டிரைவ்லங்கிறது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி, உள்ளே என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

ஓடுற தறியில பாவு மாத்த முடியாது

இயங்குதளம் ஓடிட்டு இருக்கும்போது அதோட முக்கியமான கோப்புகள் பயன்பாட்டுல இருக்கும். அதுகளை அப்போ மாத்த முடியாது. அதனால புதுக் கோப்புகளை ஓரமா இறக்கி வெச்சுட்டு, அணைக்கும்போதோ திரும்பத் தொடங்கும்போதோ மாத்தும். எங்க ஊர்ப் பாஷையில சொன்னா இது தறியில பாவு மாத்துற வேலை. தறியை நிறுத்தணும். பழைய இழையோட புது இழையை ஒண்ணொண்ணா முடிச்சுப் போடணும். ஆயிரக்கணக்குல இழை. பாதி முடிச்சுல எழுந்து போயிட்டா அது பழைய பாவும் இல்லை, புதுப் பாவும் இல்லை.

இதுக்குத்தான் பழைய நிலைக்குத் திரும்புற வசதியும் உள்ளே வெச்சிருப்பாங்க. பெரும்பாலும் அது வேலை செய்யும். ஆனா சுழலும் ஹார்ட் டிஸ்க், எழுதிட்டு இருக்கும்போதே கரண்ட் போறது, திரும்ப வந்து திரும்பப் போறது, இதெல்லாம் சேர்ந்தா அந்தத் திரும்புற வழியும் அடைபடலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. 2004-ல இந்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டு வந்தப்போ, பிராட்பேண்ட்னா குறைந்தது 256 கேபிபிஎஸ்னு வரையறுத்துச்சு. விநாடிக்கு 32 கிலோபைட். 2011-ல வந்த விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-இன் முழுத் தொகுப்பு, 32 பிட்டுக்கே 500 எம்.பி.க்கு மேல. அந்த வேகத்துல அதை இறக்க நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். எங்க ஊர்ல கரண்ட் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயிட்டு இருந்துச்சு. விட்ட இடத்துல இருந்து இறக்க வழி இருந்துச்சு, ஒத்துக்கறேன். நிறுவுற வேலைக்கு அந்த வசதி இல்லை.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர்ல இருந்து மாசத்தோட இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுது. அமெரிக்க மேற்குக் கரையில காலை பத்து மணி. கார்ப்பரேட் ஐ.டி. ஆட்கள் காபியோட உட்கார்ந்து வேலையைத் தொடங்குற நேரம். நமக்கு அது ராத்திரி பத்தரை, குளிர்காலத்துல பதினொன்றரை. ‘அணைத்துவிடாதீர்கள்’ங்கிற வரியை எழுதினவங்களுக்கு, கம்ப்யூட்டரை அணைக்கிறது மனுஷன்தான். கரண்டும் அணைக்கும்ங்கிற ஊர் அவங்க மனசுல இல்லை.

அந்தச் சமயத்துல இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை அரசாங்கத்துக்கிட்ட இருந்து தற்செயலா வந்துச்சு. 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டம். எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்தாங்க. விண்டோஸும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் ரெண்டுமே அதுல இருந்துச்சு. எந்த இயங்குதளம் நல்லதுன்னு அப்போ நிறைய விவாதம். ஆனா எங்க தெருவுக்கு அதுல கிடைச்ச பெரிய தொழில்நுட்பம் பேட்டரிதான். கரண்ட் போனாலும் சாகாத முதல் கம்ப்யூட்டர்.

எழுத்துருவும் உரிமமும்

மின்வெட்டு மட்டும்தான் காரணம்னு சொன்னா அது முழு உண்மை இல்லை. எங்க ஊர் மாதிரி ஊர்கள்ல டி.டி.பி. கடைக்காரங்க அப்டேட்டை ஒதுக்கினதுக்கு இன்னும் ரெண்டு காரணம் உண்டு.

ஒண்ணு, தமிழ். விண்டோஸ்ல யூனிகோடு தமிழ் முதல்ல வந்தது விண்டோஸ் 2000-ல, லதா எழுத்துருவோட. அதுக்கு முன்னாடியே தமிழ் டி.டி.பி. தொழில் வளர்ந்துடுச்சு. ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை உட்கார வெச்ச எழுத்துருக்கள் அதெல்லாம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விசைப்பலகை மென்பொருள். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் டாம், டாப்னு தரப்படுத்தினாங்க. 2010 ஜூன்ல, கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்துல, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏத்துக்கிச்சு. ஆனா கடையில இருந்த பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதோட கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல. பத்து வருஷத்து வேலை முழுக்க அந்தப் பழைய குறியாக்கத்துல. அடியில இருக்கிற இயங்குதளம் மாறினா விசைப்பலகை மென்பொருள் படுத்துக்கும். ‘மணமகன்’ அடிச்ச இடத்துல ‘kzkfd;’னு நிக்கும். புதுசு வந்தா தமிழ் போயிடும்னு எங்க அப்பா பயந்ததுல கற்பனை எதுவும் இல்லை.

ரெண்டாவது, நேர்மையா சொல்லணும், உரிமம். சின்ன ஊர்க் கடைகள்ல காசு கொடுத்து வாங்காத பிரதி நிறைய ஓடுச்சு. 2005-ல மைக்ரோசாஃப்ட், பிரதி அசல்தானான்னு சரிபார்க்கிற முறையைக் கொண்டு வந்துச்சு. 2008-ல, தேறாத கம்ப்யூட்டர்ல திரைப் பின்னணி கறுப்பாகிற மாதிரி பண்ணிச்சு. பாதுகாப்புத் திருத்தங்கள் அப்பவும் கிடைச்சுது. ஆனா அந்த வித்தியாசத்தை யார் பிரிச்சுப் பார்த்தா? திருத்தமும் போலீஸும் ஒரே கதவு வழியா வந்தா ஜனங்க கதவையே சாத்திடுவாங்க. அப்டேட்டை நிறுத்தி வைக்கிறதையே ஒரு சேவையா, கம்ப்யூட்டர் போட்டுத் தர்றப்பவே செஞ்சு கொடுத்த மெக்கானிக்குகள் உண்டு.

அந்தப் போட்டோ

எங்க கடைக்குத் திரும்பி வர்றேன். ஃபார்மட் அடிச்ச டிஸ்க்கை எடுத்துக்கிட்டு அப்பா திருநெல்வேலிக்குப் போனார். பாதி ஃபைல் மீண்டுச்சு.

கார்த்திகை மாசம் ஒரு அம்மா வந்தாங்க. தறி வேலை பாக்கிறவங்க. போன வருஷம் அவங்க வீட்டுக்காரர் இறந்தப்போ எங்க கடையிலதான் போஸ்டர் அடிச்சாங்க. ஒரு கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோவுல இருந்து அவர் முகத்தை மட்டும் அப்பா பிரிச்சு எடுத்திருந்தார். இப்போ முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி.

‘அண்ணாச்சி, அவிய போட்டோ ஒங்ககிட்டதானே இருக்கு. வீட்டுல இருந்தது கூரை ஒழுகிப் போச்சு.’

அப்பா தேடுற மாதிரி ரொம்ப நேரம் மவுஸை நகர்த்திட்டு இருந்தார். அந்த ஃபைல் மீண்ட பாதியில இல்லைன்னு அவருக்குத் தெரியும். அப்புறம், ‘தாயி, அந்த போஸ்டர் ஒண்ணாவது மடிச்சு வெச்சிருக்கியளா?’ன்னு கேட்டார். இருந்துச்சு. அதை ஸ்கேன் பண்ணித்தான் அடிச்சோம். அச்சுல இருந்து எடுத்த படம். முகம் முழுக்கப் புள்ளி புள்ளியா. அவங்க ஒண்ணும் சொல்லலை. காசு வேண்டாம்னு சொன்னதுக்கும் கேக்கலை, கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

அவங்க போனதும் அப்பா என்னைத் திட்டுவார்னு நின்னேன். ‘இனிமே அந்தப் பெட்டி வந்தா தொடாதலே’ன்னார். அவ்வளவுதான்.

தொடாததுக்கு ஒரு விலை

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரைங்கிற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவ ஆரம்பிச்சுது. கம்ப்யூட்டர்ல இருக்கிற கோப்புகளைப் பூட்டிட்டு 300 டாலர் பிட்காயின்ல கேக்கும். யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து வலைப்பின்னல் வழியா அடுத்ததுக்குத் தானே போகும். 150 நாடுகள்ல 2 லட்சத்துக்கும் மேல கம்ப்யூட்டர்கள். பிரிட்டன்ல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிச்சு. இங்கே ஆந்திரக் காவல்துறையோட கம்ப்யூட்டர்கள் சிக்கிச்சு. கேரளாவுல வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் வந்துச்சு.

அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தம் மார்ச் 14-லயே வெளியாகியிருந்துச்சு. தாக்குதலுக்கு 59 நாள் முன்னாடி. அதைப் போட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. 2014 ஏப்ரல் 8-ல ஆதரவு முடிஞ்சு போன எக்ஸ்பிக்குக்கூட, நிலைமையைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அவசரமா ஒரு திருத்தம் கொடுத்துச்சு.

நான் அப்போ சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. சனிக்கிழமை காலையில அப்பாவுக்குப் போன் அடிச்சேன். விஷயத்தைச் சொல்லி, இப்பவே அப்டேட் போடணும்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

‘அன்னைக்குப் போட்டதால போச்சு. இன்னைக்குப் போடாட்டிப் போவுமாக்கும்?’

அந்தக் கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. ரெண்டுமே உண்மை. ஒரு தடவை கீழ்ப்படிஞ்சதுக்குத் தண்டனை வாங்கின மனுஷன்கிட்ட, இப்போ கீழ்ப்படியாததுக்குத் தண்டனை வரும்னு சொல்றோம். கடைசியில, நெட் வயரைப் பிடுங்கிட்டு, எல்லாத்தையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு, அந்த வார இறுதியில நான் ஊருக்கு வந்து கூடவே உட்கார்ந்து போட்டோம். அன்னைக்குக் கரண்ட் போகலை.

அப்பா மாதிரி நினைச்சது சின்னக் கடைக்காரங்க மட்டும் இல்லைங்கிறதையும் சொல்லணும். 2018 ஜூன் 21-ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பிச்சு: எக்ஸ்பி மாதிரி ஆதரவு முடிஞ்ச இயங்குதளத்துல ஓடுற ஏ.டி.எம்.களை 2019 ஜூனுக்குள்ள மாத்தி முடிக்கணும்னு. ஆதரவு முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு, வங்கிகளுக்கே கெடு வைக்க வேண்டியிருந்துச்சு.

உடனே போட்டவங்க கதை

அப்போ எல்லாத்தையும் வந்த உடனே போட்டுடறதுதான் சரியா? 2015-ல வந்த விண்டோஸ் 10 அந்த முடிவைத்தான் எடுத்துச்சு. ஹோம் பதிப்புல அப்டேட்டை நிரந்தரமா மறுக்கிற வழியை எடுத்துட்டாங்க. 2018 அக்டோபர்ல வந்த பெரிய அப்டேட், சிலரோட கோப்புகளையே அழிச்சிடுச்சு. சில நாள்ல அதை நிறுத்தி வெச்சாங்க.

அதைவிடப் பெருசு 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக்குங்கிற பாதுகாப்பு நிறுவனம், நம்ம நேரம் காலை 9:39-க்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பிச்சு. அதுல 21 உள்ளீடு இருக்கும்னு ஒரு பக்கம் எழுதியிருக்கு, படிக்கிற நிரல் 20-ஐத்தான் எதிர்பார்க்குது. அந்த ஒரு வித்தியாசத்துல 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில விழுந்துச்சு. 78 நிமிஷத்துல அந்தக் கோப்பைத் திரும்ப வாங்கிட்டாங்க. விழுந்ததை எழுப்பறதுக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாடியும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்துச்சு. நம்ம நாட்டு விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸை பேனாவுல எழுதிக் கொடுத்தாங்க. அதுல சிக்கினவங்க யாரும் அப்டேட்டை ஒத்திப்போட்ட சோம்பேறிங்க இல்லை. பாதுகாப்புக்காகக் காசு கட்டி, வந்த உடனே ஏத்துக்கிட்டவங்க.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்க. அன்னைக்கு யாரும் ஒரு சோறு எடுத்துப் பார்க்கலை. 85 லட்சம் இலையிலயும் ஒரே நேரத்துல பரிமாறிட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் இப்படிப்பட்ட கோப்புகளையும் கொஞ்சம் கொஞ்சமா, படிப்படியா அனுப்புற ஏற்பாட்டுக்கு அந்த நிறுவனம் வந்துச்சு.

ஆக, இந்த முப்பது வருஷ வரலாற்றுல ‘அப்டேட் போடணுமா, வேண்டாமா’ங்கிற கேள்வியில இருந்து எனக்குப் பெருசா எதுவும் கிடைக்கலை. எனக்கு உபயோகப்பட்டது வேற ரெண்டு கேள்வி. பாதியில நின்னுட்டா திரும்பி வர வழி இருக்கா? வழி இல்லைன்னா, அந்த நஷ்டம் யாரோடது? அனுப்பினவங்களுக்கு அது ஒரு எண்ணிக்கை. எங்க கடைக்கு அது ஒருத்தரோட முகம். அந்தப் பொறுப்பு எப்பவும் கீழே இருக்கிறவங்க தலையில விழறதாலதான் கீழே இருக்கிறவங்க பட்டனைத் தொட மாட்டேங்கிறாங்க. அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, கையில ஒரு காப்பி இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சிப் கேக்குது. அது இல்லாத, நல்லா ஓடிட்டு இருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் நம்ம ஊர்க் கடைகள்ல ஏராளம். அதனால அப்பாவோட பழைய கேள்வி இன்னும் நிறைய வீட்டுல கேட்கப் போகுது.

அப்பா இப்போ அவர் பாணியில ஒரு வழக்கம் வெச்சிருக்கார். வெள்ளிக்கிழமை பூஜை முடிச்சு, சி.பி.யு.வுக்குக் கொஞ்சம் கோயில் புற்று மண் வெச்சுட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகுவார். காப்பி முடிஞ்ச அப்புறம்தான் எந்தப் பெட்டியா இருந்தாலும் ‘சரி’ சொல்லுவார். அந்த டிஸ்க்ல முதல் ஃபோல்டர்ல ஒரே ஒரு படம். புள்ளி புள்ளியா ஒரு முகம். வருஷா வருஷம் கார்த்திகையில அவங்க வர்றாங்க.

உங்க வீட்டுலயோ கடையிலயோ அப்டேட்டால போனது, அப்டேட் போடாததால போனது எதுவா இருந்தாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.